பதிவேட்டில் நீ எட்டு மணிக்கு வந்தாய்

என் தங்கையைக் கட்டியவனே, என்னைவிட மூன்று மாதம் இளையவனாக இருந்துகொண்டு முப்பது வருஷம் என்னை அதட்டிய மாப்பிள்ளை காளிராஜ்,

நலமா என்று கேட்டால் பதில் வராத இடத்தில் இருக்கிறாய். கேட்டு வைக்கிறேன். அடுத்த வரியில் ‘நாங்கள் நலம்’ என்று எழுதுவதுதான் வழக்கம். அதை மட்டும் இந்த முறை எழுதமாட்டேன். வழக்கத்துக்காக எழுதி எழுதித்தான் இந்தக் கதிக்கு வந்திருக்கிறேன்.

நீ போய் இரண்டு வருஷமாகிறது. பட்டாசு மருந்துக்கு நடுவே அத்தனை காலம் நின்றவன் கடைசியில் சர்க்கரையில் போனாய். துக்கம் கேட்க வந்த ஒருவர் என் காதருகே, “பட்டாசுக் கம்பெனி போர்மேன், இனிப்பாலயா செத்தாரு?” என்று கேட்டார். சிரிப்பை அடக்கத் துண்டை வாயில் அடைத்துக்கொண்டேன். குலுங்கி அழுகிறேன் என்று நினைத்து நாலு பேர் தாங்கிப் பிடித்தார்கள். நீ பார்த்திருந்தால் எழுந்து உட்கார்ந்து என்னைத் திட்டியிருப்பாய்.

இன்று ஞாயிற்றுக்கிழமை. காலையிலிருந்து ஐந்து டீ குடித்துவிட்டேன். உட்கார்ந்தால் எழுந்துகொள்கிறேன், எழுந்தால் செருப்பைத் தேடுகிறேன், செருப்பைப் போட்டதும் எங்கே போகிறோம் என்று மறந்துவிடுகிறது. காரணத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் எழுதிய பதிவேட்டை ஒரு கம்ப்யூட்டர் நம்பிவிட்டது, மாப்ளே.

எந்தப் பதிவேடு என்று உனக்குத் தெரியும். இந்தக் கடிதத்தை உன் தோளுக்கு மேலே எட்டிப் படிக்கிறவர்களுக்கும் தெரிய வேண்டும் அல்லவா? சிவகாசிக்கு மேற்கே, கருவேலங்காட்டுக்கு நடுவே இருக்கிறது நம் பட்டாசுக் கம்பெனி. அதில் நீ போர்மேன், நான் ஆபீஸ் கிளார்க். மருந்து கலக்கும் அறைக்கு ஒரு பதிவேடு உண்டு. ஒரு நாளைக்கு ஒரு வரி, வரிக்கு நாலு கட்டம். தேதி, தொடங்கிய நேரம், முடித்த நேரம், சம்பவம். கடைசிக் கட்டத்தில் விபத்து என்று எழுத யாருக்கும் மனசு வராது. அதனால் ‘சம்பவம்’ என்று பெயர் வைத்திருக்கிறோம், கல்யாணத்தைச் சொல்கிற மாதிரி.

முதலாளி வகுத்த நேரம் காலை எட்டிலிருந்து பன்னிரண்டு. எட்டுக்கு முன்னால் கேட்டைத் திறக்கக் கூடாது என்பது அவருடைய கண்டிப்பான விதி. சித்திரை வெயிலில் பதினொரு மணிக்கு மருந்து கலப்பது என்ன காரியம் என்று நீ ஒருமுறை அவரிடமே போய்க் கேட்டாய். “எல்லாக் கம்பெனியிலயும் நடக்கிறதுதானே போர்மேன்” என்று சொல்லிவிட்டார். நீ திரும்பி வந்து என் மேஜை முன்னால் நின்றாய்.

“மச்சான், வெயில் ஏறுனா மருந்துக்குக் கோவம் வரும். நான் விடிஞ்சும் விடியாம ஆரம்பிச்சு எட்டரைக்குள்ள முடிச்சிருதேன். வாட்ச்மேன்ட்ட சொல்லியாச்சு. நீ எட்டு டூ பன்னெண்டுன்னு போட்டுக்கோ.”

“முதலாளி பதினோரு மணிக்கு வந்து எட்டிப் பார்த்தா?”

“கூட்டிப் பெருக்குதோம்னு சொல்லு.”

“மூணு மணி நேரமாவா லே?”

“போர்மேன் சுத்தக்காரன்னு சொல்லு!”

அன்றைக்குப் பேனாவைத் திறந்தவன்தான். இருபது வருஷம் மூடவில்லை.

நான் ஒன்பது மணிக்கு வருவேன். உன் வேலை முடிந்து, நீயும் உன் ஆட்கள் மூன்று பேரும் வேப்பமரத்து அடியில் ஈரக் கையோடு உட்கார்ந்திருப்பீர்கள். நான் ஆபீஸுக்குள் போய் நீங்கள் இனிமேல் செய்யப்போகிற வேலையை எழுதுவேன். தினமும் எட்டு என்றே போட்டால் சந்தேகம் வரும் என்று ஒருநாள் எட்டு ஐந்து, ஒருநாள் எட்டு பத்து. மழைக்காலத்தில் எட்டு இருபது, ஏனென்றால் சைக்கிள் சேற்றில் மாட்டும். முடித்த நேரம் பன்னிரண்டுக்கு ஐந்து நிமிஷம் முன்னேயும் பின்னேயும். நீலப் பேனா தீர்ந்துபோன மாதிரி நடுவில் கறுப்புப் பேனா. ஒரு பக்கத்தில் டீ கொட்டின கறைகூட உண்டு; அதையும் யோசித்துத்தான் கொட்டினேன். தீபாவளி மலர்களில் இருபது வருஷமாக நகைச்சுவைக் கட்டுரை எழுதுகிறேன். நான் எழுதியதில் ஜனங்கள் முழுசாக நம்பிய ஒரே படைப்பு அந்தப் பதிவேடுதான்.

கடைசிக் கட்டத்தில் மட்டும் பொய் இல்லை. ‘சம்பவம்: இல்லை.’ நீ இருந்தவரை இல்லை. நீ போன பிறகும் உன் ஆட்கள் அதே விடியற்காலைக் கருக்கலில் வந்து அதே எட்டரைக்கு முடித்தார்கள். அதனால் இந்த இரண்டு வருஷமும் இல்லை. ஆபீஸ் வாசலில் உன் படத்தை மாட்டி, கீழே ‘விபத்தில்லாப் போர்மேன்’ என்று முதலாளி எழுதி வைத்திருக்கிறார். அந்தப் படத்தைப் பார்த்துத்தான் என் தங்கை முத்துமாரிக்கு, வெடிக்குள் மருந்து செலுத்தும் அறையில் வேலை போட்டுக் கொடுத்தார். கலக்கும் அறைக்குப் பக்கத்து அறை. அதை நீ மனதில் வைத்துக்கொண்டு மேலே படி.

மூன்று மாதத்துக்கு முன்னால் விருதுநகரிலிருந்து ஒரு பெண் வந்தாள். பெயர் பானு. அவள் அத்தா அங்கே பருப்பு வியாபாரி. மகள் சென்னையில் படித்துவிட்டுத் தரவு அறிவியல் என்கிற வேலை பார்க்கிறாள். பழைய கணக்கையெல்லாம் கம்ப்யூட்டருக்குப் படிக்கக் கொடுத்தால் இனிமேல் என்ன நடக்கும் என்று அது சொல்லுமாம். நம் ஊர் ஜோசியரும் அதைத்தான் செய்கிறார், ஆனால் அவர் பழையதைச் சரியாகச் சொன்னால்தான் புதியதைக் கேட்போம். கம்ப்யூட்டரிடம் அந்தப் பரீட்சையை யாரும் வைக்கவில்லை.

எந்த நேரத்தில் என்ன வேலை ஆபத்து என்று கண்டுபிடித்தால் உயிர்கள் பிழைக்கும் என்றாள். நல்ல எண்ணம்தான். “பழைய ரெக்கார்டு ஏதாவது இருக்கா அங்கிள்? மத்த இடத்தில எல்லாம் கரையான் தின்னுட்டுன்னு சொல்லிட்டாங்க.”

அங்கே நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். இருந்தேனா? பீரோவைத் திறந்து, “இருபது வருஷம்மா! ஒருநாள் விடாம!” என்றேன். அந்தப் பெண் பதிவேடுகளைப் புரட்டிப் பார்த்துவிட்டு, “இவ்ளோ சுத்தமான டேட்டாவை நான் பார்த்ததே இல்ல” என்றாள். குரல் கம்மியது. எனக்கோ பெருமை தாங்கவில்லை. என் கட்டுரையைப் படித்து இதுவரை யாருக்கும் குரல் கம்மியதில்லை.

தினமும் மத்தியானம் அவளுக்குக் கதை சொல்லப் பிடிக்கும். வீட்டிலிருந்து பொரிச்ச பரோட்டா கொண்டுவந்து எனக்கும் பாதி பிய்த்துக் கொடுத்து, தன் வித்தையின் பூர்வீகத்தைச் சொல்வாள். முந்நூறு வருஷத்துக்கும் முன்னால், லண்டனில் ஒரு துணிக்கடைக்காரர் வாராவாரம் வருகிற சாவுப் பட்டியலைச் சேர்த்து வைத்துக் கூட்டிப் பார்த்தாராம். எந்த வயசில் அதிகம் போகிறார்கள், எந்த நோய் எந்தப் பருவத்தில் வருகிறது என்று அவருக்கு முன்னால் யாரும் அப்படிப் பார்த்ததில்லையாம்.

“பார்த்தீங்களா அங்கிள், யாவாரிங்கதான் ஆரம்பிச்சிருக்கோம்” என்று சிரித்தாள்.

பிறகு அதே ஊரில் ஒரு டாக்டர். காலராவில் செத்தவர்களின் வீட்டையெல்லாம் வரைபடத்தில் கறுப்பாகக் குறித்துக்கொண்டே போக, குறி எல்லாம் ஒரு அடிபம்பைச் சுற்றி மொய்த்ததாம். அதற்கப்புறம் அமெரிக்கா. அங்கே ஜனத்தொகையை எண்ணி முடிப்பதற்குள் அடுத்த கணக்கெடுப்பு வந்துவிடும்போல் இருந்ததாம். ஒரு ஆள் அட்டையில் ஓட்டை போட்டு, ஓட்டையை எண்ண மிஷின் செய்தார். ஆளுக்கு ஒரு அட்டை. உயிர், வயசு, தொழில் எல்லாம் ஓட்டைகள். அந்த மிஷினின் பேரப்பிள்ளைகள்தான் கம்ப்யூட்டர். அதற்கும் பேரப்பிள்ளை நம் சட்டைப்பையில் கிடக்கிற போன்.

“இப்ப நாம நடந்தா, நின்னா, தூங்கினா எங்கேயோ ஒரு கட்டம் நிரம்புது அங்கிள். யாருக்கு வேலை, யாருக்குக் கடன், எந்தத் தெருவுக்கு பஸ், எல்லாத்தையும் அந்தக் கட்டம்தான் முடிவு பண்ணுது.”

அது உண்மை, மாப்ளே. நம் ஊருக்கு விடியற்காலையில் வந்த மினி பஸ்ஸை நிறுத்திவிட்டார்கள். டிக்கெட் மிஷினில் அந்த நேரத்துக்கு ஆளே இல்லையாம். முப்பது பேர் தொங்கிக்கொண்டுதான் போனார்கள். கண்டக்டர் இரக்கக்காரர், பூக்காரப் பெண்களுக்கும் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கும் மிஷினைத் தட்டமாட்டார். அவருடைய இரக்கம் கணக்கில் காலி பஸ்ஸாக ஏறிவிட்டது. இப்போது பூக்காரப் பெண்கள் இரண்டு மைல் நடக்கிறார்கள். இதைக் கேட்டபோதே எனக்கு உறைத்திருக்க வேண்டாமா? நான் கண்டக்டரைத் திட்டிவிட்டு டீ குடிக்கப் போனேன்.

உறைத்தது வேறொரு நாள். அந்தத் துணிக்கடைக்காரருக்குச் சாவுப் பட்டியல் எப்படி வந்தது என்று கேட்டேன். வீடு வீடாகப் போய்ப் பிணத்தைப் பார்த்து, என்ன நோய் என்று சொல்லக் கிழவிகளை வைத்திருந்தார்களாம். வீட்டுக்காரர்கள் கையில் ஏதாவது வைத்து, ஒரு குவளை ஊற்றிக் கொடுத்தால் பிளேக் என்பது சாதாரணக் காய்ச்சல் ஆகிவிடுமாம்.

“அப்போ அவரு கணக்கு?”

“அவருக்கே தெரியும் அங்கிள். இந்தக் கிழவிங்களை நம்பக் கூடாதுன்னு அவரே எழுதி வச்சிருக்காரு.”

பானு பரோட்டாவைப் பிய்த்துக்கொண்டே சிரித்தாள். லண்டன் கிழவிகளின் கடைசி வாரிசு அவளுக்கு எதிரே சால்னா தொட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அவர்களாவது பிணத்தைப் போய்ப் பார்த்தார்கள். நான் அறைப் பக்கமே போகாமல் எழுதினேன்.

போன புதன்கிழமை அவள் முடிவைக் காட்டினாள். திரையில் ஒரு கோடு. எட்டு மணியில் தொடங்கிப் பன்னிரண்டு வரை, நம் கண்மாய்த் தண்ணீர் மாதிரி அசையாமல் படுத்துக் கிடந்தது. இருபது வருஷம், நாள்தோறும், கோடையிலும் பன்னிரண்டு மணி வரை மருந்து கலந்திருக்கிறார்கள், ஒரு சம்பவமும் இல்லை. ஆகவே வெயில் நேரத்தால் ஆபத்து கூடவில்லை என்று கம்ப்யூட்டர் சொன்னது. அதன்மேல் என்ன தப்பு? நான் கொடுத்ததைப் படித்தது.

முதலாளிக்கு முகம் மலர்ந்துவிட்டது. சீசன் ஆர்டர் குவிந்து கிடக்கிறது. “அப்ப ரெண்டு மணி வரைக்கும் கலக்கலாமில்லம்மா?” பானு தயங்கினாள். பன்னிரண்டுக்கு மேல் டேட்டா இல்லையே, பார்த்துத்தான் சொல்ல வேண்டும் என்றாள். முதலாளி காதில் கோடு மட்டும் விழுந்தது. திங்கட்கிழமையிலிருந்து எட்டு முதல் இரண்டு. கூடவே கேட்டில் கைரேகை மிஷின். எட்டுக்கு முன்னால் அது திறக்காது. உன் கருக்கல் நேரத்தின் கதை முடிந்தது. நான் கற்பனையில் எழுதிய வெயிலுக்குள் நிஜமான ஆட்கள் இறங்கப் போகிறார்கள்.

வியாழக்கிழமை சாயங்காலம் முத்துமாரி வீட்டுக்கு வந்தாள். “அண்ணே, என் விரலை அந்த மிஷினு ஒத்துக்க மாட்டேங்குது. மருந்துல தேஞ்சு ரேகையே இல்லைங்காக. எலுமிச்சம்பழம் தேச்சுட்டு வரச் சொல்றாக.” விரலைக் காட்டினாள். வெள்ளி முலாம் பூசின மாதிரி இருந்தது. “அதுவும் போக, திங்கக்கெழமையிலருந்து மத்தியானம் ரெண்டு மணி வரைக்கும் பக்கத்து ரூம்ல மருந்து கலப்பாகளாம். எம்புட்டு வெயிலு, இது அடுக்குமா?”

“கம்ப்யூட்டரே சொல்லிருச்சாமே” என்றேன்.

“அதுக்கென்ன, அதுவா உள்ள போயி உக்காரப் போகுது?”

நான் அவளுக்கு டீ போட எழுந்து போனேன். சொல்வதென்றால் அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும். உண்மையைச் சொன்னால் என் வேலை போகும், அது போகட்டும். எனக்கு வயிறு பெரிசு, பயமும் பெரிசு, ஆனால் அதைத் தாங்கிக்கொள்வேன். உன் பெயர் போகுமே? விபத்தில்லாப் போர்மேன் பதினெட்டு வருஷம் திருட்டுத்தனமாகக் கேட்டைத் திறந்தவன் என்று ஆகுமே? உன் படத்தைக் காட்டி வேலைக்குச் சேர்ந்தவளின் வேலை? செத்தவனிடம் கையெழுத்து வாங்காமல் அவன் பெயரை விற்கலாமா? நீயே சொல்லேன்.

வெள்ளிக்கிழமை விருதுநகருக்கு பஸ் ஏறினேன், பானுவிடம் தனியாகச் சொல்லிவிடலாம் என்று. அவள் அத்தா கடை வாசலில் நின்றிருந்தார். “வாங்க வாங்க, மகளுக்கு நீங்கதான் பெரிய உதவின்னு சொல்லுச்சு. இந்தக் காலத்தில இப்படி நேர்மையா எழுதி வைக்கிற ஆளு யாரு இருக்காக?” என்றார். கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போனார். மூன்று பரோட்டா தின்றேன், கால் கிலோ துவரம் பருப்பைப் பரிசாக வாங்கிக்கொண்டேன், பானுவிடம் உடல்நலம் மட்டும் விசாரித்துவிட்டுத் திரும்பி வந்தேன். பஸ்ஸில் என்னைப் பார்த்து நானே காறித் துப்ப முடியாததால் ஜன்னலுக்கு வெளியே துப்பினேன். அதற்கும் கண்டக்டர் திட்டினார்.

நேற்று சனிக்கிழமை. மத்தியானம் எல்லோரையும் ஆபீஸ் முன்னால் கூட்டினார்கள். முதலாளி நாற்காலியில். பானு பக்கத்தில் லேப்டாப்போடு. உன் ஆட்கள் மூன்று பேர் முன்வரிசையில், மூத்தவர் சங்கரலிங்கம் கை கட்டி நின்றார். பெண்கள் பின்னால். உனக்கு மாலை போட்டிருந்தார்கள்.

முதலாளி புது நேரத்தை அறிவித்து, “காளிராஜ் காட்டின வழி” என்று உன் படத்தைக் கைகாட்டினார். அந்தக் கை இறங்குவதற்குள் நான் எழுந்துவிட்டேன். எப்படி எழுந்தேன் என்று எனக்கே தெரியாது.

“முதலாளி, அந்தப் பதிவேடு பொய். எட்டு டூ பன்னெண்டுன்னு நானா எழுதினது. காளிராஜ் வெயிலுக்கு முன்னாடியே கலந்து முடிச்சிருவான். பன்னெண்டு மணிக்கு அந்த ரூம்ல ஒருநாள்கூட ஆள் இருந்ததில்ல. இப்ப வரைக்கும் அப்படித்தான்.”

முதலாளி என்னைப் பார்க்காமல் சங்கரலிங்கத்தைப் பார்த்தார். “அப்படியா?”

சங்கரலிங்கம் உன் படத்தை ஒரு தடவை பார்த்தார், என்னை ஒரு தடவை பார்த்தார். “இல்லங்க முதலாளி. காளிராஜ் அண்ணன் எட்டுக்கு ஒரு நிமிசம் முந்தி உள்ள கால் வச்சதில்ல. நாங்களும் வச்சதில்ல.” மற்ற இருவரும் தலையாட்டினார்கள்.

உனக்காக, மாப்ளே! இரண்டே நாளில் அந்த வெயிலில் உட்கார வேண்டியிருந்தவர்களே அவர்கள்தான். உன் பெயரில் ஒரு கீறல் விழக் கூடாது என்பதற்காக, என் பொய்யை எனக்கு எதிராக அவர்கள் காப்பாற்றினார்கள்.

முதலாளி சிரித்துவிட்டார். “வேல்ச்சாமி, கதை எழுதி எழுதி உங்களுக்கு எது நிஜம்னே மறந்து போச்சு. உக்காருங்க.” பின்னால் யாரோ, “தீபாவளி மலருக்கு ஒத்திகை பார்க்காரு” என்றார்கள். கூட்டம் சிரித்தது. வாழ்நாள் பூராவும் இந்த ஜனங்களைச் சிரிக்க வைக்க நான் பட்ட பாட்டுக்கு, நேற்றுத்தான் முழுப்பலன் கிடைத்தது. என் வாயிலிருந்து வந்த உண்மைக்கு மட்டும் ஆள் இல்லை. இருபது வருஷத்துப் பதிவேடு ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். நானாக இருந்தாலும் பதிவேட்டைத்தான் நம்பியிருப்பேன்.

அப்போது பின்னாலிருந்து முத்துமாரி வந்தாள்.

“அண்ணன் சொல்றது நெசம்” என்றாள். குரல் பெரிதாக இல்லை. “எங்க வீட்டுக்காரரு நாலரைக்குக் கஞ்சி குடிச்சிட்டுக் கிளம்புவாக. பதினெட்டு வருசமா எந்திரிச்சு அடுப்பு பத்த வச்சது நானு. சைக்கிள்ல ஒரு மணி நேரம். எட்டு மணி வேலைக்கு நாலரைக்கு எதுக்கு முதலாளி போகணும்? சங்கரலிங்கண்ணே, நீங்க எங்க வீட்டு வாசல்ல வந்து பெல் அடிப்பீகளே, அப்ப கோழி கூவுமா, வெயில் அடிக்குமா? சொல்லுங்க.”

சங்கரலிங்கம் கட்டியிருந்த கை அவிழ்ந்தது. தரையைப் பார்த்தபடி, “கருக்கலு தாயி” என்றார்.

பானு எழுந்து என்னிடம் வந்தாள். அவள் முகத்தை நிமிர்ந்து பார்க்க எனக்குத் தெம்பு இல்லை. “அங்கிள், ஒண்ணு மட்டும் சொல்லுங்க. நீங்க எழுதினதில எதுதான் நிஜம்?”

“தேதி நிஜம்மா.”

இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. அவள் முதலாளி பக்கம் திரும்பினாள். “சார், பன்னெண்டு மணிக்கும் ஆபத்து இல்லன்னு இது சொன்னது. அந்த நேரத்தில அங்க ஆளே இல்லன்னு இதுக்குத் தெரியாது. எனக்கும் தெரியாது. நான் ஒருநாள் காலையில வந்து பார்த்திருக்கணும். பார்க்கல.” லேப்டாப்பை மூடிவிட்டு முத்துமாரி பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். எந்த மாதம் நாலரைக்குப் போவார், எந்த மாதம் தாமதம், மழை நாளில் எப்படி, கலக்காமல் திரும்பி வந்த நாள் உண்டா என்று ஒவ்வொன்றாகக் கேட்டு நோட்டில் எழுத ஆரம்பித்தாள். சங்கரலிங்கமும் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, “காத்து வறண்டு கையில முடி சிலிர்த்துச்சுன்னா பாதியிலயே நிறுத்தீருவாரும்மா, அதையும் போடு” என்றார். இருபது வருஷத்துக்கு அப்புறம் உன் வேலை முதல் முறையாக உள்ளபடி எழுத்தில் ஏறியது. எழுதியது நான் இல்லை.

முதலாளி நாற்காலியிலிருந்து எழுந்தார். “திங்கட்கிழமை வேண்டாம். கேட்டை எப்பத் திறக்கிறதுன்னு யோசிப்போம்” என்றார். என்னிடம், “நீங்க இனி வர வேண்டாம்” என்றார். நியாயம்தான். உன் படத்தின் கீழே இருந்த எழுத்தைப் பார்த்தபடி போய் காரில் ஏறினார். முத்துமாரி வாட்ச்மேனிடம் சொல்லிப் படத்தை இறக்கி, சேலைத் தலைப்பில் துடைத்து வீட்டுக்கு எடுத்துப்போய்விட்டாள். என்னோடு இன்னும் பேசவில்லை. இன்று மத்தியானம் கருவாட்டுக் குழம்பு மட்டும் கொடுத்தனுப்பினாள். அதில் உப்பு இல்லை. மறந்தாளா, வேண்டுமென்றே விட்டாளா என்று கேட்கப் பயமாக இருக்கிறது.

இத்தோடு முடிந்திருந்தால் நான் உட்கார்ந்திருப்பேன், மாப்ளே. முடியவில்லை. புதன்கிழமையே முதலாளி அந்தக் கோட்டைப் போனில் படம் பிடித்து இரண்டு சிநேகிதர்களுக்கு அனுப்பிவிட்டார். ஒருவருக்கு ஏழாயிரம்பண்ணைப் பக்கம் கம்பெனி, இன்னொருவருக்குத் திருத்தங்கல்லில். இரண்டு பேருக்கும் சீசன் நெருக்கடி. இரண்டு பேரும் நாளையிலிருந்து இரண்டு மணி வரை கலக்கப் போகிறார்கள். அறிக்கை தப்பு என்று பானு நேற்றே எழுதி அனுப்பினாள், பதில் இல்லை. முதலாளி போன் செய்தார், “உங்களுக்கு ஆர்டர் இருக்கு, எங்களுக்கு இருக்கக் கூடாதா?” என்று கேட்டார்களாம். நான் போன் செய்தேன். ஒருவர் எடுக்கவில்லை. இன்னொருவர், “அண்ணாச்சி, உங்க கட்டுரைன்னா வீட்ல எல்லாரும் படிப்போம்” என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

அங்கே மருந்து கலக்கிறவர்களின் முகம்கூட எனக்குத் தெரியாது. அவர்கள் பக்கத்து அறையிலும் யாரோ ஒருவருடைய தங்கை இருப்பாள். என் எட்டு ஐந்தும், எட்டு பத்தும், யோசித்துக் கொட்டிய டீக் கறையும் அவர்கள் தலைக்கு மேலே வெயிலாக நிற்கிறது. எழுதினவன் பேனாவை மூடிவிட்டால் எழுத்து நின்றுவிடும் என்றுதானே நினைத்தோம்? அது என்னைவிட வேகமாக பஸ் ஏறிப் போய்விட்டது.

நாளைக் காலை முதல் பஸ்ஸில் நானே நேரில் போய்ச் சொல்கிறேன் என்று, குழம்பு கொண்டுவந்த பையனிடம் முத்துமாரிக்குச் சொல்லியனுப்பினேன். சற்றுமுன் வாசலில் சைக்கிள் பெல் கேட்டது. சங்கரலிங்கம். உள்ளே வரவில்லை. “காலையில முதல் பஸ்ஸாமே. தங்கச்சி சொன்னாக. ஏழாயிரம்பண்ணையில கலக்குற பயலுக ரெண்டு பேரு எனக்குச் சொந்தம். நானும் வாரேன்” என்றார். முத்துமாரி என்னோடு பேசாவிட்டாலும் என் பயணத்தைப் பற்றி ஊருக்குச் சொல்லிவிட்டாள். அவளும் வருகிறாள். பானு திருத்தங்கல்லுக்கு நேரே வந்துவிடுவதாகச் சொல்லியிருக்கிறாள்.

அதனால் கேட்டுக்கொள், மாப்ளே. அனுமதி கேட்கவில்லை, தகவல் சொல்கிறேன். நாளைக் காலையில் இரண்டு ஊரிலும் உன் நல்ல பெயரைக் கெடுக்கப் போகிறேன். என் மாப்பிள்ளை பதினெட்டு வருஷம் விதியை மீறினான் என்று சொல்வேன். அதனால்தான் ஆறு கையும் மூன்று உயிரும் முழுசாக இருக்கின்றன என்றும் சொல்வேன். அந்த ஆறில் இரண்டு கையைச் சங்கரலிங்கம் தூக்கிக் காட்டுவார். நம்பவில்லை என்றால் உன் மனைவி பேசுவாள். கேட்டுக்குள் விடவில்லை என்றால் கேட்டுக்கு வெளியே நின்று, கலக்கப் போகிற ஆட்கள் உள்ளே நுழையும்போதே ஒவ்வொருவராகப் பிடித்துச் சொல்வேன். என்னைக் கோமாளி என்று சிரிப்பார்கள். சிரித்து முடிக்கும்வரை நின்றுவிட்டு மறுபடி சொல்வேன். நாளை வெயில் ஏறின பிறகு அந்த இரண்டு அறையிலும் ஆள் இல்லை என்பதை என் கண்ணால் பார்க்காமல் திரும்பும் பஸ்ஸில் ஏறமாட்டேன். இது சத்தியம்.

உன் பெயரைக் கெடுத்தாவது உன் வேலையைச் செய்து முடிக்கப் போகிற,
உன் பெண்டாட்டிக்கு அண்ணன், உனக்கு என்றைக்கும் மச்சான்,
வேல்ச்சாமி